வாக்வாயிட் விரிகுடா: பனி கொட்டிய மணலும் நீர் அறுத்த பள்ளமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மடக்கிய கைபோல அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் காட் தீபகற்பத்தின் தென்கரையில், ஃபால்மத், மாஷ்பி ஆகிய இரு ஊர்களை ஒட்டி வாக்வாயிட் விரிகுடா அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறக்குறைய 3.3 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர். மிக ஆழமான இடத்திலும் 3 மீட்டர் அளவுதான். தெற்கே ஒரு மணல்நாக்கு அதைத் திறந்த கடலிலிருந்து பிரிக்கிறது. குறுகிய முகத்துவாரங்கள் வழியே ஓதநீர் வந்து போகிறது. ஓதத்தின் ஏற்ற இறக்கமும் அரை மீட்டர் அளவுக்கு மேல் பெரிதாக இருப்பதில்லை.

இதே விரிகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே சென்றால் ஆஷுமெட், ஜான்ஸ், மாஷ்பி-வேக்பி என்னும் நன்னீர்க் குளங்கள் இருக்கின்றன. ஆஷுமெட், ஜான்ஸ் இரண்டும் ஏறக்குறைய 20 மீட்டர் ஆழமுள்ளவை; மாஷ்பி-வேக்பி அதைவிடவும் ஆழமானது. கடலோடு கலந்திருக்கும் நீர்நிலையில் ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து போகலாம் என்றிருக்க, நிலத்துக்குள் இருக்கும் குளமோ ஆறு மாடிக் கட்டடத்தை விழுங்கும் ஆழத்தோடு இருக்கிறது. இரண்டும் ஒரே பனிப்பாளம் விட்டுச்சென்ற ஒரே மணல்வெளியில் உள்ளவை. அப்படியிருக்க, விரிகுடா ஏன் இவ்வளவு ஆழமற்றது, குளம் ஏன் இவ்வளவு ஆழமானது என்ற கேள்வியே இந்த ஆய்வின் தொடக்கம். இதற்கு விடை தேடிப் போனால், ‘பனியாறு குடைந்த விரிகுடா’ என்று பொதுவாகச் சொல்லப்படும் வாசகம் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது தெரியவரும். நார்வேயின் ஆழ்ந்த கடற்கால்களைப் போலப் பனி நேரடியாகப் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளம் இது அன்று. பனி இங்கே பொருளைக் கொண்டுவந்து கொட்டியது. கொட்டிய குவியலை அறுத்தது நீர்.

பனி வந்து நின்ற கோடு

கடைசிப் பனியூழியில் கனடாவிலிருந்து தெற்கு நோக்கிப் பரவிய லாரன்டைட் பனிப்பாளம், நியூ இங்கிலாந்து முழுவதையும் மூடிக்கொண்டு, இன்றைய மார்த்தாஸ் வின்யார்ட், நான்டக்கெட் தீவுகள் இருக்கும் இடம்வரை வந்து நின்றது. இது நடந்தது ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன். அப்போது உலகின் கடல்நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக நிலத்தின்மேல் உறைந்திருந்ததால், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆகவே, பனி வந்து நின்ற முனைக்கு அப்பால் அலை இல்லை. பல கிலோமீட்டருக்கு வறண்ட கண்டத்திட்டுதான் இருந்தது.

பனிப்பாளத்தின் முன்விளிம்பு நேர்கோடாக இருக்கவில்லை. அடியில் இருந்த தாழ்நிலங்களுக்கு ஏற்ப அது மடல் மடலாகப் பிரிந்து முன்னேறியது. கேப் காட்டை உருவாக்கியவை மூன்று மடல்கள்: மேற்கே பஸ்ஸார்ட்ஸ் விரிகுடா மடல், நடுவே கேப் காட் விரிகுடா மடல், கிழக்கே தெற்குக் கால்வாய் மடல். தீவுகளிலிருந்து பின்வாங்கிய பனி, சில ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கேப் காட்டின் தோள்பகுதியில் மறுபடி நிலைகொண்டது. முன்விளிம்பு உருகும் வேகமும் பின்னாலிருந்து பனி வரும் வேகமும் சமமாக இருக்கும்வரை, பனிப்பாளம் கல்லையும் மண்ணையும் ஓயாமல் சுமந்துவந்து ஒரே கோட்டில் இறக்கிக்கொண்டே இருக்கும். மொரைன் எனப்படும் மேடுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பிறப்புக் கதை இதுதான். வாக்வாயிட்டின் மேற்கே வடக்குத் தெற்காக ஓடும் பஸ்ஸார்ட்ஸ் விரிகுடா மொரைனும், வடக்கே கிழக்கு மேற்காக ஓடும் சாண்ட்விச் மொரைனும் இந்தப் பகுதியின் இரண்டு முதுகெலும்புகள்.

ஆனால் சாண்ட்விச் மொரைனைப் பொறுத்தவரை அந்த வழக்கமான கதை போதவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்து கேப் காட்டின் நிலப்படங்களை வரைந்த ராபர்ட் ஓல்டேல், பனி சற்றுப் பின்வாங்கிவிட்டு மறுபடி முன்னேறியபோது, தனக்கு முன்னால் ஏற்கெனவே படிந்திருந்த மணலையும் சரளையையும் தகடு தகடாகப் பெயர்த்துத் தள்ளி மேடாக்கியது என்று விளக்கினார். கலப்பைக்கு முன்னால் மண் கட்டி கட்டியாக எழும்பி ஒன்றின்மேல் ஒன்று சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மொரைனுக்குள்ளேயே உருகுநீர் படிவித்த மணல் மடிந்து கிடப்பதற்கு இந்த விளக்கமே பொருந்துகிறது.

மொரைன்களின் தெற்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடப்பது மாஷ்பி உருகுநீர்ச் சமவெளி. வாக்வாயிட் விரிகுடாவைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கவனம் முழுவதும் இந்தச் சமவெளியின்மேல்தான் இருக்க வேண்டும். பனியின் முகத்திலிருந்து வெளிப்பட்ட உருகுநீர், பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடி, வேகம் குறையக் குறையத் தன் சுமையை இறக்கியது. பனிக்கு அருகில் கூழாங்கல்லும் சரளையும், தெற்கே போகப்போக மணலும், அடியில் நுண்மணலும் வண்டலுமாக அமைந்த இந்தப் படிவு, தேங்கி நின்ற நீருக்குள் வளர்ந்த ஒரு கழிமுகத்திட்டின் அமைப்பையே காட்டுகிறது. மொரைனை ஒட்டிய இடத்தில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் தொடங்கும் சமவெளி, கண்ணுக்குத் தெரியாத சரிவோடு தெற்கே இறங்கி வாக்வாயிட் கரையில் கடலைத் தொடுகிறது. கருங்கல் அடித்தளம் இந்தப் படிவுகளுக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. விரிகுடாவைச் சுற்றி எங்கும் அது தலைகாட்டுவதில்லை. கரையில் தென்படும் பெருங்கற்கள்கூடப் பனி வடக்கிலிருந்து தூக்கிவந்தவையே.

ஆழமான குளங்கள்

பின்வாங்கும் பனிப்பாளம் ஒழுங்காக உருகி மறைவதில்லை. பெரும் பனிக்கட்டிகள் அதிலிருந்து பிரிந்து தனித்து நின்றுவிடுகின்றன. அவற்றைச் சுற்றியும் அவற்றின் மேலும் உருகுநீர் மணலைக் கொட்டியது. மணல் நல்ல போர்வை; அதற்குள் புதைந்த பனிக்கட்டி நெடுங்காலம் கரையாமல் கிடக்கும். கடைசியில் அது கரைந்தபோது மேலிருந்த மணல் சரிந்து குழியானது. குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போன இடங்களிலெல்லாம் குளம் உண்டானது. கெட்டில் குளங்கள் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இவை கேப் காட் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. இவற்றுள் பலவற்றுக்கு உள்ளே வரும் ஆறும் கிடையாது, வெளியேறும் ஆறும் கிடையாது. நீர்மட்டம் மணலுக்குள் எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தைக் குளம் வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்தக் குளங்கள் நிலத்தடி நீரின் சாளரங்கள்.

புதைந்த பனிக்கட்டி எவ்வளவு தடிமனாக இருந்ததோ, குளத்தின் ஆழமும் ஏறக்குறைய அதற்கு ஏற்றபடி அமைந்தது. ஆஷுமெட் குளத்தின் 20 மீட்டர் ஆழத்துக்குக் காரணம் அரிப்பு அன்று, ஒரு பெருங்கட்டி இருந்து இல்லாமற் போனதுதான். கேள்வியின் ஒரு பாதிக்கு இது விடை. மறுபாதி அவ்வளவு எளிதானதன்று.

தலை வரை எட்டாத பள்ளத்தாக்குகள்

நிலப்படத்தை விரித்து ஃபால்மத்தின் தென்கரையைப் பார்த்தால், விரல்களைப்போல நீண்ட உப்புநீர்க் கழிகள் வரிசையாகத் தெரியும்: கிரேட் பாண்ட், கிரீன் பாண்ட், போர்ன்ஸ் பாண்ட், ஈல் பாண்ட், பிறகு வாக்வாயிட். எல்லாமே ஏறக்குறைய வடக்குத் தெற்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஒவ்வொன்றின் வடமுனையிலிருந்தும் ஒரு வறண்ட அல்லது சிற்றோடை ஓடும் பள்ளத்தாக்கு, சமவெளிக்குள் நேராக ஏறிப்போகிறது. கழிகள் என்பவை இந்தப் பள்ளத்தாக்குகளின் மூழ்கிய கீழ்ப்பகுதிகளே. வாக்வாயிட்டுக்கு வந்து சேரும் குவாஷ்னட் ஆறும் சைல்ட்ஸ் ஆறும் இத்தகைய பள்ளத்தாக்குகளில்தான் ஓடுகின்றன. விரிகுடாவின் மேற்கே உள்ள வாஷ்பர்ன் தீவு, ஈல் பாண்டின் தாழ்வாய்க்கும் வாக்வாயிட்டின் தாழ்வாய்க்கும் நடுவில் மூழ்காமல் எஞ்சிய சமவெளித் துண்டு. அதன் தென்புறத்தில் கடல் பின்னாளில் மணல்நாக்கு ஒன்றைச் சேர்த்தது.

இந்தப் பள்ளத்தாக்குகளை வெட்டியது யார்? இதுதான் இந்த நிகழ்வின் மையமான புதிர். பனியின் முகத்திலிருந்து பாய்ந்த உருகுநீர் வெட்டியது என்பது இயல்பாக மனத்தில் தோன்றும் விடை. அப்படியானால் பள்ளத்தாக்குகள் மொரைன்வரை, அதாவது பனி இருந்த இடம்வரை, ஏறிச்செல்ல வேண்டும். அவையோ சமவெளியின் நடுவிலேயே நின்றுவிடுகின்றன. இன்றைய மழைநீர் வெட்டியிருக்கலாம் என்றால், மணல் அதை ஏற்க விடாது: இங்கே பெய்யும் மழையில் மேலே ஓடக் கிடைப்பது மிகச் சொற்பம், கிட்டத்தட்ட எல்லாமே உள்ளே இறங்கிவிடும். நிலம் உறைந்திருந்த காலத்தில் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேற்பரப்பில் ஓடியது என்பது நெடுநாள் நிலவிய மூன்றாவது கருத்து. அது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் மேற்பரப்பில் ஓடும் நீர் மரக்கிளைகள்போலக் கிளை ஓடைகளை உண்டாக்கும். இந்தப் பள்ளத்தாக்குகளில் கிளைகள் அநேகமாக இல்லை. தலைப்பகுதி சட்டென வட்டமாக முடிகிறது. அடி தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது.

1994இல் எலாசர் உசுப்பியும் ஓல்டேலும் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறொரு விடை தந்தது. பனி சாண்ட்விச் மொரைனிலிருந்து வடக்கே விலகியபோது, பின்வாங்கும் பனிக்கும் மொரைனுக்கும் இடையே, இன்றைய கேப் காட் விரிகுடா இருக்கும் இடத்தில், உருகுநீர் தேங்கி ஒரு பெரும் ஏரியானது. அதன் நீர்மட்டம் இன்றைய கடல்மட்டத்தைவிட உயரத்தில் இருந்தது. தெற்கே கடலோ நூறு மீட்டருக்கும் கீழே போயிருந்தது. இடையில் இருந்த மணல்வெளிக்கு ஒரு பக்கத்தில் உயர்ந்த ஏரி, மறுபக்கத்தில் தாழ்ந்த வறண்ட நிலம். ஏரிநீர் மணலுக்குள் ஊறித் தெற்கே நகர்ந்து, சமவெளியின் தாழ்ந்த சரிவுகளில் ஊற்றாக வெடித்தது. ஊற்று வாயில் இருந்த மணலை நீர் அள்ளிச்சென்றது. ஆதரவிழந்த மேல்மண் சரிந்தது. சரிந்ததையும் நீர் கொண்டுபோனது. ஊற்று வாய் ஓரடி வடக்கே தள்ளிப்போனது. இப்படியே பள்ளத்தாக்கு கீழிருந்து மேலாக, தெற்கிலிருந்து வடக்காக வளர்ந்தது. ஏரி வடிந்து நீர்மட்டம் இறங்கியதும் ஊற்றுகள் அடங்கின. பள்ளத்தாக்குகள் பாதி வழியில் நின்றுபோயின.

ஊற்றரிப்பு என்று தமிழில் சொல்லத்தக்க இந்த விளக்கத்தையே நான் ஏற்கிறேன். பள்ளத்தாக்குகள் ஏன் நேராக இருக்கின்றன, ஏன் கிளையற்றவை, ஏன் மொரைனை எட்டவில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே காரணத்தால் விடை சொல்ல முடிவது இதன் வலிமை. உறைநிலக் காலத்து ஓட்டமும் ஓரளவு பங்களித்திருக்கலாம் என்று இடம் விட்டுவைப்பதில் தவறில்லை. ஆனால் வடிவத்தைத் தீர்மானித்தது ஊற்றுதான் என்று எனக்குப் படுகிறது.

விரிகுடாவின் ஆழமின்மைக்கும் இங்கேதான் காரணம் கிடைக்கிறது. ஊற்றுநீர் நிலத்தடி நீர்மட்டத்தின் அளவுக்குத்தான் பள்ளத்தைத் தாழ்த்த முடியும். மணலைக் குடைந்து ஆழ்குழி செய்யும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே அகலமான, தட்டையான, ஆழமற்ற தாழ்வாய்கள்தான் உருவாயின. கெட்டில் குழிக்கு வடிவம் கொடுத்தது புதைந்த பனிக்கட்டி. வாக்வாயிட்டுக்கு வடிவம் கொடுத்தது வழிந்தோடிய ஊற்று.

கடல் வந்து சேர்ந்த விதம்

பனி உருக உருகக் கடல் ஏறியது. முதலில் விரைவாக ஏறிய கடல், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் வேகம் தணிந்தது. அந்தத் தணிவு இந்த விரிகுடாவுக்கு இன்றியமையாததாக அமைந்தது. கடல் விரைந்து ஏறும்போது அலை ஒரே இடத்தில் நின்று மணல்நாக்கைக் கட்ட முடியாது. சதுப்புப் புல்லும் வேரூன்றி மேலெழ முடியாது. வேகம் குறைந்த பிறகு, அலைகள் கரையோரச் சமவெளியின் மணல் மேடுகளை அரித்து, அரித்த மணலைக் கரை நெடுகத் தள்ளிக்கொண்டுபோய், மூழ்கிய பள்ளத்தாக்குகளின் வாய்களை ஒவ்வொன்றாக அடைத்தன. அடைப்புக்குப் பின்னால் அலையடங்கிய நீரில் சேறு படிந்தது. சேற்றில் உப்புச் சதுப்புப் புல் பிடித்தது; மடிந்த புல்லும் வேரும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கடல் ஏறும் அளவுக்குச் சதுப்பும் ஏறியது. ஏற்கெனவே ஆழமற்றிருந்த தாழ்வாய் இதனால் மேலும் தூர்ந்தது.

பனியின் பாரம் நீங்கிய கதை இன்னும் முடியவில்லை. பனிப்பாளம் தன் எடையால் அடியிலிருந்த புவியோட்டை அமுக்கியபோது, விளிம்புக்கு வெளியே நிலம் சற்றுப் புடைத்தெழுந்தது. பாரம் நீங்கியதும் வடக்கே கனடாவில் நிலம் எழும்பத் தொடங்கியது. விளிம்பில் புடைத்த நிலமோ தாழத் தொடங்கியது. அந்தத் தாழ்வு இன்றும் தொடர்கிறது. வாக்வாயிட்டுக்கு அருகிலுள்ள உட்ஸ் ஹோலில் 1932 முதல் இயங்கிவரும் ஓத அளவி, கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஏறுவதைக் காட்டுகிறது. அதில் ஒரு பங்கு கடல் ஏறுவதால் வருவது. மற்றொரு பங்கு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கரைந்துபோன பனியின் பாரத்துக்கு நிலம் இன்னும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருப்பதால் வருவது.

மணலுக்குள் ஓடும் ஆறு

வாக்வாயிட்டுக்கு வரும் நன்னீரின் பெரும்பகுதி எந்த வரைபடத்திலும் நீலக்கோடாகத் தெரியாது. அது மணலுக்குள் ஓடுகிறது. சமவெளியின் வடக்கே நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 20 மீட்டர்வரை உயர்ந்து நிற்கிறது. அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் சரிந்து கடலை நோக்கி நகர்கிறது. தீபகற்பத்து மக்கள் குடிப்பதற்கு வேறு நீராதாரம் இல்லாத காரணத்தால், 1982இல் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் இந்த மணற்படிவை ‘ஒற்றை ஆதார நீர்த்தாங்கி’ என்று அறிவித்தது.

இந்த நீர் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பது ஊகமன்று, அளந்தறிந்தது. ஆஷுமெட் குளத்துக்கு அருகே, ராணுவத் தளத்தின் கழிவுநீர் 1936 முதல் 1995 வரை சுத்திகரிக்கப்பட்டு மணல் படுகைகளில் விடப்பட்டுவந்தது. அது நிலத்தடியில் நீண்ட மாசுப் படலமாகத் தெற்கே பரவியது. அந்த இடத்தையே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை ஆய்வுக்களமாக்கிக்கொண்டது. 1985இல் புரோமைடு உப்புக் கரைசலை மணலுக்குள் செலுத்தி, 656 மாதிரிக் குழாய்களால் அதன் போக்கைப் பின்தொடர்ந்தார்கள். நீர் நாளொன்றுக்கு சராசரியாக 0.42 மீட்டர் நகர்ந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 150 மீட்டர். பனியாற்று உருகுநீர் சலித்துப் போட்ட மணல் என்பதால்தான் இவ்வளவு தாராளமாக நீரை விடுகிறது. களிமண் கலந்த படிவாக இருந்தால் இதில் நூற்றில் ஒரு பங்கு வேகம்கூட இருந்திருக்காது.

இந்தத் தாராளத்தால் விளைந்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஊற்றுநீர் கோடையிலும் குளிர்ச்சி மாறாமல் வருவதால், கடலுக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும் புரூக் டிரவுட் மீன் குவாஷ்னட் ஆற்றில் பிழைத்திருக்கிறது. மறுபக்கம், வீடுகளின் கழிவுத்தொட்டிகளிலிருந்து இறங்கும் நைட்ரஜனையும் இதே மணல் தடுக்காமல் கடத்துகிறது. ஐவன் வாலியேலாவும் அவருடன் பணியாற்றியவர்களும் வாக்வாயிட்டில் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள், விரிகுடாவை அடையும் நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதி வீட்டுக் கழிவுநீரிலிருந்து வருவதாகக் கணித்தன. நைட்ரஜன் மிகுந்ததும் நீர்ப்பாசிகள் பாய்போல் விரிந்து ஒளியை மறைத்தன. ஒளியில்லாமல் ஈல்கிராஸ் என்னும் கடற்புல் வெளிகள் அழிந்தன. அவற்றில் வளர்ந்த ஸ்காலப் சிப்பிகளும் அருகின. ஆழமற்ற விரிகுடாவுக்கு இது பேரிடர். 1 மீட்டர் நீரில் அடிவரை ஒளி புகுவதால்தான் கடற்புல் தழைத்தது. அதே 1 மீட்டர் நீரில் கலந்த நைட்ரஜன் நீர்த்துப்போக இடமில்லாமல் பாசியை வளர்த்தது.

கரையோர மணலுக்குள் நடக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நன்னீரும் கடல்நீரும் மணலின் துளைகளுக்குள் சந்தித்துக் கலக்கும் இடத்தை ‘நிலத்தடிக் கழிமுகம்’ என்று அழைக்கிறார்கள். வாக்வாயிட்டின் கரையில் அந்த இடத்தைத் துளையிட்டுப் பார்த்த மாத்யூ ஷாரெட்டும் எட்வர்ட் ஷோல்கோவிட்சும், நிலத்தடி நீரில் கரைந்துவரும் இரும்பு அங்கே துருவாக மாறி மணல்மணிகளைப் போர்த்தியிருப்பதைக் கண்டு 2002இல் வெளியிட்டார்கள். அந்த இரும்புத் திரை பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நைட்ரேட்டை அது அப்படிப் பிடிப்பதில்லை. விரிகுடாவின் சிக்கல் ஏன் நைட்ரஜனின் சிக்கலாகவே இருக்கிறது என்பதில் இந்த மணலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆண்டுக்கு 150 மீட்டர் என்ற கணக்கில், விரிகுடாவிலிருந்து 5 கிலோமீட்டர் வடக்கே மணலில் இறங்கும் நீர் கரையை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று புதிய கழிவுநீர்க் குழாய்களை இட்டு, கழிவுத்தொட்டிகளை மூடினாலும், ஏற்கெனவே மணலுக்குள் புறப்பட்டுவிட்ட நைட்ரஜன் வந்துகொண்டேதான் இருக்கும். 1988இல் தேசியக் கழிமுக ஆய்வுக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட வாக்வாயிட்டில் எந்த ஆண்டு அளவீட்டைப் பார்த்தாலும், அது பல்வேறு ஆண்டுகளில் பெய்த மழை ஒரே நாளில் கரைசேர்ந்ததன் அளவீடு என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

மணல்நாக்கின் வரவும் செலவும்

தென்கரை மணல்நாக்கின் ஒவ்வொரு மணலும் பனியின் காலத்தில் படிந்த மேடுகளிலிருந்து பெயர்ந்து வந்தது. புதிதாக மணல் கொண்டுவர இங்கே பேராறு எதுவும் இல்லை. ஆகவே மேடு அரிந்தால்தான் நாக்கு நிலைக்கும். கரையோர வீடுகளைக் காக்க மேட்டின் அடியில் கல்சுவர் எழுப்பும் ஒவ்வொரு முறையும் நாக்குக்குப் போகும் வரவில் ஒரு பகுதி நின்றுபோகிறது. முகத்துவாரத்தில் படகுகளுக்காகக் கட்டிய கற்கரைகளும் கரை நெடுக நகரும் மணலை ஒரு பக்கம் தேக்கி மறுபக்கத்தைப் பட்டினி போடுகின்றன. புயல் அலை நாக்கின்மேல் ஏறி மணலை உள்பக்கம் வீசும்போது, நாக்கு மெல்ல வடக்கே, விரிகுடாவுக்குள் நகர்கிறது. மணல்நாக்கின் கடற்பக்கத்தில், இன்று அலை உடையும் இடத்தில், சில வேளைகளில் பழைய சதுப்பின் கறுத்த வேர்ப்படிவு வெளிப்படுவது அதனால்தான்: அந்தச் சதுப்பு வளர்ந்த காலத்தில் நாக்கு அதற்குத் தெற்கே இருந்தது, விரிகுடாவின் அமைதியான நீர் அந்த இடத்தில் இருந்தது.